எப்பம் என்று கேட்காத வீடு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் இசக்கிசெல்விக்குத் துணி காயாது. அவள் வேலை பார்க்கிற லாட்ஜில் அறைக்கு அறை ஈரத் துண்டும் விரிப்பும் குவியும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் போடுவாள். அங்கிருந்து பார்த்தால் அருவிக்குப் போகிற கூட்டம் தெரியும். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு, புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொண்டே போவார்கள். அவள் யாரிடமும் வலியப் போய்ப் பேசமாட்டாள். ஆனால் பார்க்காமலும் இருக்கமாட்டாள்.

அவளும் பேச்சிராஜும் ஒரே ஒரு சீசனில்தான் சேர்ந்து குளித்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில். பேச்சிராஜ் வெளி மாநிலத்துக்கு லாரி ஓட்டுகிற லைன் டிரைவர். தென்காசியில் தேங்காய் ஏற்றி வடக்கே போவான். நாசிக் பக்கமிருந்து வெங்காயத்தோடு திரும்புவான். இங்கே சாரல் அடிக்கும்போது அவன் எங்கோ வெயிலில் கிடப்பான். அவன் வந்து சேரும்போது பெரும்பாலும் அருவி வெறும் பாறையாக நிற்கும்.

தென்காசியில் அவர்கள் குடியிருக்கிற தெருவில் பாதி லாரிக்காரர் வீடுகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புறப்படுகிறவனிடம் 'எப்பம் வருவீங்க' என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் தடை. அவன் இறங்கி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வண்டியில் ஏற வேண்டும். போனிலும் கேட்கமாட்டார்கள். 'எங்கன இருக்கீங்க' என்று கேட்கலாம். பேச்சிராஜ் சோலாப்பூர் என்பான், ஓசூர் என்பான். அந்த ஊரிலிருந்து அவளே மனசுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்துவிடுவாள். வாசலில் ஒன்றும் நிற்காது.

இந்த ஆனியில் யோகலட்சுமி என்றொரு பெண் லாட்ஜில் வந்து தங்கினாள். அருவிப் பக்கமே போகவில்லை. சென்னையில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாம். இந்தப் பக்கத்துச் சரக்கை லாரியிலிருந்து ரயிலுக்கு மாற்ற முடியுமா என்று அரசாங்கத்துக்கு எழுத வந்திருந்தாள். பகலெல்லாம் தேங்காய் மண்டிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் அலைந்துவிட்டு, செருப்பெல்லாம் சேறாகத் திரும்புவாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் லாரி டிரைவராமே? அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்."

இசக்கிசெல்வி கையிலிருந்த தலையணை உறையை இறுக்கிப் பிடித்தாள். "எதுக்கும்மா? கேசு கீசு ஏதுமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. தேங்காயைப் பெரிய இரும்புப் பெட்டியில அடைச்சு, லாரியில ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போறது. அங்க பெட்டியை மட்டும் கிரேன் வெச்சுத் தூக்கி ரயில்ல ஏத்திடுவாங்க. போய்ச் சேர்ற ஊர்ல இறக்கினா வேற லாரி எடுத்துக்கும்."

"அப்பம் இந்த லாரி?"

"திரும்பிடும்."

"எங்கன?"

"இங்கதான்க்கா. வீட்டுக்கு."

அன்று மாடியில் அவள் ஒரே விரிப்பை எத்தனை தடவை திருப்பிப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காபி கொண்டுபோய் வைத்தபோது துணிந்து கேட்டுவிட்டாள். "நடக்குமாம்மா?"

"வியாபாரிங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. ரயில்ல போட்டா எப்போ போய்ச் சேரும்? பயணிகள் ரயிலுக்கு நேரம் இருக்கு. சரக்கு ரயிலுக்கு அநேகமா கிடையாது. எக்ஸ்பிரஸ் வந்தா அதை ஓரங்கட்டிடுவாங்க. முதல்ல நேரம் சொல்லுங்க, அப்புறம் கிரேன் வாங்கலாம்னுதான் நான் எழுதப்போறேன்."

"அதுட்டயும் எப்பம்னு கேக்கக் கூடாதோ?"

யோகலட்சுமிக்குப் புரியவில்லை. இசக்கிசெல்வி தம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பேச்சிராஜ் ஊர் வந்தான். முடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லாட்ஜ் வராந்தாவில் யோகலட்சுமியின் எதிரே உட்கார்ந்தான். இசக்கிசெல்வி விரிப்புக் குவியலோடு தூண் மறைவில் நின்றாள்.

"ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் ஓட்டற வேலைன்னா ஒத்துக்குவீங்களா, அண்ணா?"

பேச்சிராஜ் சிரித்தான். "மண்டிக்கும் ஸ்டேஷனுக்கும் செக்குமாடு மாதிரி சுத்தவா? எங்க ஸ்டாண்டுல ஒரு பய மதிக்கமாட்டான் மேடம். 'ஏலே மினி பஸ்ஸு'ன்னுல்லா கூப்பிடுவானுவ!"

யோகலட்சுமியும் சிரித்துவிட்டு, மடியில் வைத்துப் பதில்களைக் குறித்துக்கொண்டிருந்த டேப்லெட்டில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த ஒரு தட்டு 'இல்லை' என்பதற்குத்தான் என்று இசக்கிசெல்விக்கு விளங்கிவிட்டது. குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவன் கேட்டான். "ஏட்டி, குழம்புல உப்பப் போடாம கோவத்தப் போட்டுட்டியா?"

"ஒண்ணுமில்ல" என்று உப்பு மரவையை நகர்த்தி வைத்தாள்.

காலையில் தென்காசியிலும் சாரல் தூறியது. தெருவில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. கூடப் போகிற டிரைவர் நாகராஜன் இடப்பக்கம் ஏறிவிட்டான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. எப்போதும்போல் அவள் தலையை மட்டும் ஆட்டவேண்டும்.

"எப்பம் வருவீங்க?"

தெருவே அதைக் காதில் வாங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. கியரில் வைத்த பேச்சிராஜின் கை அப்படியே நின்றது.

"போச்சு! இறங்குலே மாப்ள" என்றான் நாகராஜன். "உம் பெண்டாட்டி செக்போஸ்ட் போட்டுட்டா."

இன்ஜின் அணைந்தது. பேச்சிராஜ் வந்து படியில் உட்கார்ந்தான். அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் கொஞ்சம் குடித்தான்.

"தெரிஞ்சேதான் கேட்டியா?"

"ஆமா."

"ஏன்?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "மினி பஸ்ஸு பெண்டாட்டின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாவ. எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் சிரிக்கவில்லை. மிச்சத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடாமல் மெதுவாகக் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்: "அந்தப் பிள்ளட்ட சொல்லு, நான் சொன்னத மாத்தி எழுதச் சொல்லி. ரயிலு எப்பம்னு சொல்லட்டும், நானும் சொல்லுதேன்."

லாரி கிளம்பிற்று. தெருமுனையில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றது. எக்ஸ்பிரஸ் இல்லை, ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, எந்த அவசரமும் இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. லாரியின் பின்பக்கம் அவள் கண்ணெதிரிலேயே இருந்தது. ஈரச் செம்பைப் பிடித்துக்கொண்டு, இந்த ரயில் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று நின்றாள்.