கை சுத்தமானவர்

வேலை முடிந்ததும் பையை வாசலிலேயே கவிழ்க்கிறார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை, மாற்றுத் துணி. துணியை உதறியும் காட்டுகிறார். "பாத்துக்கங்கம்மா, அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது." பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பதினோரு மாடிக் குடியிருப்பில் ஒன்பது வருஷமாக நாலு வீட்டில் பெருக்கித் துடைக்கிறார். காவலாளி முதல் எல்லாருக்கும் அவர் 'கைசுத்தம்'தான். மேஜையில் கடிகாரம் கிடந்தால், வீட்டம்மா வந்து எடுத்த பிறகே அந்த மேஜையைத் துடைப்பார். வீட்டில் தனியாக விட்டுப் போனால், எந்த அறையில் இருக்கிறோம் என்று வெளியே தெரியட்டும் என்பதற்காகவே சத்தமாகப் பாடுவார். பாட்டு கேட்கச் சகிக்காது.

யாருக்காவது காய்ச்சல் என்றால் கூப்பிடாமலே போய்க் கஞ்சி வைப்பார். "பாசம் பாதி, பேரு பாதி. பேரு போச்சுன்னா நம்மள எவ உள்ள விடுவா?"

அவராக ஆரம்பித்த பழக்கம் இப்போது சட்டமாகிவிட்டது. வேலைக்கு வரும் எல்லாப் பெண்களும் பையைக் கவிழ்க்க வேண்டும். "உன்னாலதாங்கா எங்களுக்கு இந்தக் கேவலம்" என்று திட்டுகிறார்கள். பதினோராம் மாடியில் இவர் பெருக்கும் வீட்டுக்குப் புதிதாக வந்த சமையல்காரி மட்டும் முடியாது என்றுவிட்டாள். "நான் சமைக்க வந்தேன். திருட வரல."

போன வாரம் ஒரு நாள் அந்த வீட்டம்மாவின் மோதிரம் காணவில்லை. அன்று காலையில் கல்லூரிக்குக் கிளம்பிய மகளின் விரலில் அது இருந்ததை இவர் கண்ணால் பார்த்திருந்தார்.

"நீ சொன்னா நம்புறேன். இவ எடுத்திருப்பாளா?" என்றார் வீட்டம்மா. சமையல்காரி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வீட்டுப் பெண்ணையே காட்டிக் கொடுப்பதா? அவள் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டால்? ஒன்பது வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

"எனக்கென்னம்மா தெரியும்... அவ புதுசு."

அவ்வளவுதான், சமையல்காரியை அப்போதே அனுப்பிவிட்டார்கள்.

இவர் வெளியே வந்தபோது லிஃப்டுக்குள் அவள் நின்றிருந்தாள். மூடப்போன கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றாள். அழுத முகம். கீழே கதவு திறந்தால் காவலாளி பார்ப்பான், நாலு வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள், இரண்டு பேரும் சேர்ந்து வருவதை.

இவர் தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார். வலிக்கிற முழங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பதினோரு மாடியையும் இறங்கினார்.