ஆறுமணிக் குருவிக்கு இரண்டாவது சாட்சி

பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் தோப்பில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க டீச்சர் சொன்னதும், சட்டாம்பிள்ளை வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மயிலாப்பூர்க்காரிக்கு அதிகாரம் பண்ணக் கற்றுத்தர வேண்டுமா! இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு மூலை கொடுத்தேன். வகுப்பில் கதை அளப்பவர்கள் அதிகம். அதனால் ஒரு சட்டமும் போட்டேன்: ஜோடியில் இருவரும் கண்ணால் பார்த்தால்தான் சுவரில் தொங்கும் அட்டையில் ஏறும்.

என் ஜோடி சாந்தோமிலிருந்து வருகிறவள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் ஓணான்கூட ஓடிவிடும். எங்கள் மூலையில், பூவரச மரத்தடிப் புதருக்குள் ஆறுமணிக் குருவி ஒன்று இருந்தது. சாயங்காலம் இரண்டு சீட்டி அடிக்கும். எட்டிப் பார்த்தால் இருக்காது.

"என்னை மாதிரி கூச்சக்காரிபோல" என்பாள்.

"உனக்கா கூச்சம்? நீ வாயை மூடிண்டு இருந்தா அது தானா வரும்."

அப்புறம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம் ஊரைப் பிடித்தது. தெருவுக்குப் பாதி வீடு பூட்டிக்கிடந்தது. அவளையும் திருச்சியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜட்கா கிளம்பும்போது, "நான் இல்லாம அதைப் பாத்துடாதடி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பார்த்துவிட்டேன். அடுத்த வாரமே, பட்டப்பகலில், சருகைத் தள்ளித் தள்ளிப் புழு தேடிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை அழகைத் தனியாகப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

டீச்சரிடம் சொன்னேன். "நானும் வந்து பாக்கறேன்மா. ரெண்டு பேர் ஆயிடும், எழுதிடலாம்" என்றார்.

"வேண்டாம் டீச்சர், அவ வரட்டும்."

அட்டையில் கீரிப்பிள்ளை ஏறியது, மரங்கொத்தி ஏறியது, காக்கைகூட ஏறியது. எங்கள் மூலைக்கு நேரே ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன்.

போர் முடிந்தது. போனவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பினார்கள். சாந்தோமுக்கு ஓடினேன். அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவளுக்குத் திருச்சியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இப்போது நான் அடையாறில் இருக்கிறேன். ஐப்பசி மழையோடு அந்தக் குருவி வருஷம் தவறாமல் எங்கள் தோட்டத்துக்கு வருகிறது. சீட்டி கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடி, என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்திருப்பதில்லை. அவள் இல்லாமல் ஒருமுறை பார்த்தது போதும்.