பொய்ச்சாட்சி சொல்லாத பக்கம்

சலோமி அக்கா காலமான செய்தி வந்தபோது அரக்கோணம் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் பார்க்காதபடி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சபையின் மாத இதழில் கிறிஸ்தவக் கதைகளுக்கென்று அவர் நடத்திய விமரிசனப் பக்கத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியான நான் அங்கே பிழை திருத்தப் போனேன். இந்துப் பெண் என்று தெரிந்தேதான் என்னை விமரிசனம் எழுத வைத்தார். “சபைக்காரங்களுக்குக் கடைசிப் பக்கத்துல ஞானஸ்நானம் வந்தாலே கண்ணு கலங்கிடும். கத எப்படி இருக்குன்னு நீ சொல்லு.”

‘ஆசீர்வாதமாக இருந்தது’ என்று யார் எழுதினாலும் ஓரத்தில் ‘எந்தப் பக்கத்தில்?’ என்று கேட்பார். யாரையும் பாராட்டமாட்டார். அது எனக்கு வருத்தம்தான்.

ஒருமுறை உள்ளூர் போதகர் எழுதிய நாவல் வந்தது. அதில் திருத்தணி மலைக்குக் காவடி எடுப்பவன் குடிகாரன், பெண்டாட்டியை அடிப்பவன்; மனம் மாறி ஞானஸ்நானம் பெற்றதும் நல்லவனாகிவிடுகிறான். ஆடிக் கிருத்திகை தவறாமல் காவடி எடுக்கும் என் நைனா குடித்ததே இல்லை. அதைச் சொல்லி, என்னால் எழுத முடியாது என்று அக்காவிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“உங்கப்பா இதக் கேட்டா என்ன சொல்லுவாரோ, அத எழுதும்மா” என்றார்.

கோபமாக எழுதினேன். அக்கா ஒரு வரியையும் அடிக்கவில்லை. ஆனால் அதே நாவலில், மகன் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஜெபிக்க வாய் வராமல் அவன் சட்டையை மடித்துக்கொண்டே இருக்கும் தாயைப் பற்றிக் கேட்டார். பிடித்திருந்தது என்றேன்.

“அப்புறம் ஏன் எழுதல? நல்லா இல்லாதத நல்லாருக்குன்னாலும் பொய்ச்சாட்சி. நல்லாருக்கறத மறைச்சாலும் பொய்ச்சாட்சிதான்.”

விஷயம் தெரிந்து போதகர் வந்தார். கர்த்தருக்காக எழுதியதை இந்துப் பெண் எடைபோடுவதா என்று மெதுவாகத்தான் கேட்டார்.

“கர்த்தருக்குப் பழுதானத காணிக்கையா குடுக்கலாமாங்க, பாஸ்டர்?” என்றார் அக்கா.

அந்தத் தாயையும் சேர்த்து எழுதிய விமரிசனம் வெளிவந்தது. அடுத்த மாதமே சபைக் கமிட்டி அந்தப் பக்கத்தை நிறுத்தியது. என்னால்தான் என்று தலைகுனிந்து நின்றேன்.

“பக்கம் தானே போச்சு. நீ ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுகினு இருக்கற?” என்று அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் விமரிசனங்களை, அந்தந்தப் புத்தகம் எழுதியவர்களுக்கே தபாலில் அனுப்பினார்.

படிக்கத் தெரியாத நைனாவுக்கு அச்சான அந்த விமரிசனத்தை வாசித்துக் காட்டியிருந்தேன். காவடிக்காரனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், “அந்தம்மா சட்டய மடிச்சிகினே இருந்துச்சே, புள்ள பொழச்சுக்கிச்சா?” என்று கேட்டார்.

அக்கா கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் தாய் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கமாட்டாள். எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் அப்படி ஒரு மனுஷி நுழைய வழிவிடுவது, சலோமி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.