ஐயனாருக்கு நேர்ந்த பீரங்கிக் கப்பல்

யுத்தத்துக்குப் போன அண்ணனிடமிருந்து ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. கப்பல் படையில் கரி அள்ளிப் போடும் வேலை அவனுக்கு. எந்தக் கப்பல் என்று எழுதக்கூடாதாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குளத்தூர் வாசகசாலையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில், இனிமேல் கட்டப்போகும் போர்க்கப்பலின் படம் இருந்தது. ஒன்பது பீரங்கிகள். "ஒருவேளை அண்ணன் கப்பலும் இப்படி இருக்கலாம்" என்று எங்கள் அய்யாவிடம் காட்டினேன். நான் செய்த தப்பு அதுதான்.

அண்ணன் உயிருக்காக, புரவி எடுப்புத் திருவிழாவில் ஐயனாருக்கு மண்குதிரைக்குப் பதில் அந்தக் கப்பலையே வைப்பதாக அய்யா நேர்ந்துகொண்டார். நான் வரைந்து கொடுத்தபடி, மண்குதிரை செய்யும் குயவர் வேளாரும் செய்து சூளையில் வைத்துவிட்டார். அதற்குள் அய்யா டீக்கடையில் உட்கார்ந்தபடியே கப்பலைக் கொழும்புக்கு அனுப்பி, ஜப்பான்காரன் கப்பல் இரண்டை மூழ்கடித்திருந்தார்.

பிறகு வந்த பத்திரிகையைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கப்பலைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். பீரங்கியே இல்லாமல், மேல்தளத்தைத் தட்டையாக்கி, விமானம் இறங்கும் கப்பலாக மாற்றுகிறார்களாம். சூளைக்கு ஓடினேன்.

"வேளாரே, பீரங்கியெல்லாம் எடுத்துருங்க."

"சுட்டாச்சு தம்பி. இனி ஒடைச்சா ஒங்க அண்ணனுக்கு ஆகுமா? படிச்ச புள்ள, மொதல்லயே சரியா வரையக் கூடாது?"

அய்யாவிடம் போனேன். "அந்தக் கப்பல் இன்னும் கடல்லயே எறங்கலங்கய்யா!"

"எறங்காமத்தான் கொழும்புல சண்ட போட்டுச்சா?"

"அந்தச் சண்டய நீங்கதானே சொன்னீங்க!"

"அப்ப நான் பொய் சொல்றேங்கிற?"



புரவி எடுப்பன்று குதிரைகளுக்கு நடுவே அதை நான்தான் தலையில் சுமந்தேன். "என்னப்பா, கம்மாயில விடப் போறியா?" என்று ஒருவன் கத்தினான். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு பீரங்கிகூட உடையக்கூடாதே என்று அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தேன். அண்ணன் உயிர் அதில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி என்னையும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

மறுமாதம் கடிதம் வந்தது. அண்ணன் சுகம். அவன் இருப்பது சண்டைக் கப்பலே இல்லை. துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்துவிடும் சின்னப் படகு. மூன்று தடவை படித்துக் காட்டினேன். அய்யா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பய எப்புடி மறைக்கிறான் பாத்தியா? ராணுவ ரகசியம்டா. வெளிய சொல்லிராத" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அவரே சொல்லி முடித்திருந்தார்.