அக்காவோடு மாமாவிடம்

எங்கள் அக்கா தையல்காரி. அம்மா மில்லில் ஷிப்டு பார்த்ததால் என்னையும் தங்கையையும் குளிப்பாட்டி, தலைவாரி, நாலு போடு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அவள்தான். அவள் புருஷனை நாங்கள் மாமா என்போம். கல்யாணமான கையோடு அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் வெல்டிங் வேலைக்குப் போய்விட, அக்கா எங்களோடேயே இருந்து பிள்ளை பெற்றாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. வாண்டு பேசத் தொடங்கியபோது எங்கள் வாயிலிருந்து விழுந்ததையே பிடித்துக்கொண்டாள். பெற்றவள் அக்கா. அப்பா மாமா. எங்கள் அம்மா அவளுக்கும் அம்மா. கேட்டுச் சிரித்தோமே தவிர ஒருவரும் திருத்தவில்லை.

வாண்டுக்கு நாலு வயதானதும் மாமாவிடம் போய்ச் சேர அக்கா அவளோடு தனியாக பஸ் ஏறினாள். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டுகளையும் மாமா அனுப்பிய சம்மதக் கடிதத்தையும் நீட்டினாள். கவுண்டரில் இருந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துகிற ரகமில்லை. எட்டிப் பார்த்து வாண்டிடமே விசாரித்தார்.

“பாப்பா, இவங்க யாரு?”

“அக்கா.”

“எங்க போறீங்க?”

“மாமாகிட்ட.”

“அப்ப அம்மா எங்க?”

“வீட்டுல. துணி காயப் போடுறாங்க.”

கேட்ட மூன்றுக்கும் பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள். அக்கா பதறிப்போய்க் கவுண்டரை எட்டிப் பிடித்தாள்.

“சத்தியமா நான் பெத்த பிள்ளை மேடம்!”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. கடுதாசி யார் வேணா எழுதலாம். உக்காருங்க.”

வெளியே பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று வாண்டை இறுக்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அம்மையார் மாமா வேலை பார்க்கும் பட்டறையின் போன் நம்பரைத் தாமே விசாரித்து வாங்கி, போன் போட்டு மாமாவைக் கூப்பிடச் சொன்னார். நடந்தது எதையும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உங்க பொண்ணு அவங்கம்மாவ என்னன்னு கூப்பிடும்?”

“அக்கான்னு மேடம். என்னை மாமாம்பா. மச்சினனும் மச்சினியும் பேசுறதக் கேட்டே வளந்துட்டா. மேடம், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?”

அம்மையார் போனை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டர்காரரே திரும்பிப் பார்த்தாராம்.

“எம்பையன் என்னை அண்ணின்னுதாம்மா கூப்பிடுறான். அவன் சித்தப்பாங்க செஞ்ச வேலை. போற வழியிலயே அம்மான்னு சொல்லப் பழக்குங்க. எல்லா நாளும் நானே இருக்க மாட்டேன்.”

முத்திரை விழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அந்த அம்மையாரைத் திட்டித் தீர்த்தார்களாம். நானோ அவர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். நிஜமாகவே எவளாவது எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் அவரைத் தாண்டிப் போயிருக்க முடியாது. அவர் நல்லா இருக்கணும்.

அடுத்த வருஷம் லீவுக்கு இருவரும் வந்தபோதும் கவுண்டரில் அவரேதான். வாண்டு நன்றாகத் தயாராகியிருந்தாள்.

“இவங்க யாரு?”

“அம்மா!”

“அப்படியா? அப்ப அந்த அக்கா எங்க?”

வாண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அதுவும் இவங்கதான்” என்றாளாம்.

வீட்டுக்கு வந்து அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மட்டும் எனக்குத் தலைவாரிவிட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மையார் என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.