தன் உடம்பை அறிந்திருந்த கனகு அண்ணை

பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்கு என்னைத் தேடி யாரும் வருவதில்லை. போன புதன்கிழமை மதியம் யோகன் வந்து வாசலில் நின்றான். கனகு அண்ணையோடு ஒரே அறையில் இருந்தவன் அவன்.

"அக்கா, அண்ணை மோசம் போயிட்டார்" என்றான்.

நகரத்துக்கு வெளியே, கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில், அவர் கோப்பை கழுவும் உணவகத்தில், தட்டுகளை அடுக்கியபடியே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. அங்கேயே உயிர் போய்விட்டது.

பலெர்மோவில் அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. உங்களில் பலர் வைத்தியம் கேட்டு அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டியவர்கள்தான். கொழும்பில் சீன வைத்தியம் படித்து, யாழ்ப்பாணத்தில் சில காலம் அக்குபங்சர் ஊசி வைத்தியம் பார்த்தவர். இங்கே அனுமதி இல்லாததால் ஊசியை அவர் தொடவே இல்லை. ஆனால் மனிதர்களின் முகத்தையும் கையையும் கவனிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

நான் வந்த முதல் மாரியில், பல்லரோ சந்தையில் என் பையை வாங்கிக்கொண்டபோது, "தங்கச்சி, கை எப்பவும் இப்பிடித்தான் குளிரோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. கம்பளி போட்டாலும் போகுதில்லை."

அவர் காட்டச் சொல்ல, மீன்கடை முன்னால் நின்று நாக்கை நீட்டினேன். வெளிறி, ஓரமெல்லாம் பல் பதிந்திருந்ததாம். "இது நோய் வருத்தமில்லை, உடம்பின்ரை சுபாவம். சீனர் குளிர் உடம்பு எண்டுவினம். உள்ளை அடுப்புத் தணிஞ்சு கிடக்கு. பச்சை இலை தின்னாதேங்கோ. இஞ்சி போட்டு ஆட்டிறைச்சி அவிச்சுக் குடியுங்கோ, பாதத்தைக் குளிர விடாதேங்கோ." வீட்டுக்கார சிஞ்ஞோரா தரும் பச்சை இலைச் சலாத்தாவைத்தான் மதியத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டேன். நான் அப்போது இருந்த அல்பெர்கேரியாவின் ஈர அறையில் முழுச்சுகம் வரவில்லை, ஆனாலும் காலையில் எழும்ப முடிந்தது.

அதே இஞ்சியை யோகன் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. "உன்ரை உடம்பு கொதிக்கிற உடம்பு. அவவுக்கு மருந்து, உனக்கு நெருப்பு." பின்னொரு நாள் யோகனுக்கு நெஞ்சு நொந்தபோது, நாக்கைப் பார்க்கவே மறுத்து, நேரே ஆசுபத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அவருடைய உடம்பு எது என்று ஒருமுறை கேட்டேன்.

"கட்டுண்ட உடம்பு. மூச்சு நெஞ்சுக்குள்ளையே நிண்டுபோகும். பெருமூச்சு விட்டாலும் போகாது. நடக்கவேணும், வாய்விட்டுக் கதைக்கவேணும்."

"அப்ப கதையுங்கோவன்."

"ஆரோடை?"

அவர் இங்கே வந்த பிறகு, போரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அவர் மனைவியும் மகளும் சனத்தோடு சனமாகப் போனார்கள். கிளிநொச்சியில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. குடும்பத்தைக் கூப்பிடும் அனுமதி அதற்குப் பிறகுதான் கிடைத்தது. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரிலிருந்து திரும்பி வந்தவர், "அனுமதி இருக்கு தங்கச்சி, ஆக்களைத்தான் காணேல்லை" என்றார்.

மண்டரின் தோடம்பழத் தோலைக் காயவைத்து அவித்துக் குடித்தார். அது மூச்சின் கட்டை அவிழ்க்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகனும் நானும் அவரைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனோம். நடந்தார். ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இந்த மாரியில் பாதி வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார்.

"அண்ணை, டொக்டரிட்டைப் போவம். யோகனை நீங்கள்தானே அனுப்பினனீங்கள்?"

"அவனுக்கு வருத்தம். எனக்கு இது சுபாவம்."

நம்பித்தான் சொன்னாரா, சுகப்படுவதில் விருப்பம் விட்டுப்போய்ச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இனிப் பயனில்லை.

செய்தி சொல்ல ஊரில் யாரும் அகப்படவில்லை. கொழும்பில் இருக்கும் அவருடைய உறவினர் ஒருவர், மனைவியும் மகளும் என்றாவது வந்து சேர்ந்தால் யாருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது என்று கேட்டார். என் இலக்கத்தைச் சொன்னேன். கனகு அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்புத்தான். ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும், அவர்களாக இருந்தால் என்ன சொல்வதென்று தெரியாமல்தான் எடுக்கிறேன். இதுவரை அவர்களாக இருந்ததில்லை.