கிளீனர் சீட்டுப் பாட்டில்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் தாராளமாக எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஜட்ஜிடமே கேட்கலாம். கேட்டதும் அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள். அதற்கு மேல் சாட்சி தேவைப்படாது.

ஜட்ஜ் என்றால் கோர்ட்டில் உட்காருகிறவர் இல்லை. லாரி மெக்கானிக். வண்டி உள்ளே நுழைவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார் என்பதால் தெரு வைத்த பெயர். அடுத்தவன் வயிற்றுவலி முதல் அடுத்த வார மழை வரை எல்லாம் அவருக்குத் தெரியும். 'தெரியல' என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

அவருடைய தங்கச்சி புருஷன் ஒரு பழைய டீசல் லாரி வாங்கினான். இவரைக் கேட்காமல் வாங்கினான். அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு ஏது? வண்டி வந்த அன்றே ஜட்ஜ் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேபினுக்குள் ஏறி, கண்ணில் பட்டதையெல்லாம் வெளியே வீசினார். கிளீனர் சீட்டின் ஓரத்தில் கம்பியால் கட்டி ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதையும் பிடுங்கினார்.

"மச்சான், அது இருக்கட்டும். பழைய ஓனர் எடுக்க வேணாம்னு சொன்னாரு," என்றான் மாப்பிள்ளை.

"ஏன், உன் பழைய ஓனர் தாகம் எடுத்தா இங்க வந்து குடிப்பானா?"

பாட்டில் சாக்கடைப் பக்கம் பறந்தது. ஜட்ஜ் காலியான அந்த சீட்டைப் பார்த்து, பெரிய ஜோக் அடிக்கிற மாதிரி சொன்னார்: "தண்ணி வேணும்னா ரேடியேட்டர்ல இருக்கு. குடிச்சுக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஜோக்குக்குச் சிரிக்காதவன் வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு லேசில் வெளியே வராது.

மறுநாளிலிருந்து லாரியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

காலையில் ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் கலந்து தண்ணீர் நிரப்பினால் சாயந்திரம் பாதியைக் காணோம். ஓடினாலும் குறைந்தது, சும்மா நின்றாலும் குறைந்தது. ஜட்ஜ் மூடியை மாற்றினார். ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் என்று வரிசையாக மாற்றினார். என்ஜின் தலையைக் கழற்றிப் புது கேஸ்கட் போட்டார். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும். இங்கே ஆயில் சுத்தம். சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆக, தப்பு வண்டியில் இல்லை. தப்பு ஆளிடம். தீர்ப்பு தயார்.

"நீ ஊத்தவே இல்ல. ஊத்தினேன்னு கதை விடுற."

"ஊத்தினேன் மச்சான். உங்க தங்கச்சி பக்கத்துலதான் நின்னா."

"அப்ப எங்க போச்சு? நீ குடிச்சியா?"

"நான் குடிக்கல," என்றான் மாப்பிள்ளை, ரொம்ப மெதுவாக.

திங்கட்கிழமை அந்த லாரி பாரத்தோடு மலை ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் தண்ணீர் தீர்ந்து என்ஜின் இறுகி நின்றால், பின்னால் இருப்பது பள்ளம்.

"அண்ணே, போகலாம்னா போகலாம்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. எங்க வீட்டுக்காரரப் பொய்யன்னு மட்டும் ஊரெல்லாம் சொல்லாத," என்றாள். அண்ணன்மேல் அவளுக்கு மிச்சமிருந்த மரியாதை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜட்ஜ் தங்கச்சியிடம் மட்டும்தான் சொன்னாராம். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை. நடுப்பகல். ஜட்ஜ் கூலன்டில் ஒரு சாயம் கலந்தார். ஊதா விளக்கை அடித்தால், ஊசிமுனை அளவு கசிவுகூடப் பச்சையாக மின்னும். அதற்கு இருட்டு வேண்டும். ஷட்டரை இழுத்து மூடினார். பட்டப்பகலில் தன் கையாலேயே தனக்கு இருட்டைச் செய்துகொண்டார்.

என்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்தார். ரேடியேட்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் தண்ணீர் டேங்கின் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். எங்காவது கசிந்தால் மீட்டர் முள் இறங்கும். முள் ஏறியது. நின்றது. அசையவில்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றார், யாருமில்லாத இடத்தில்.

களக்.

ஜட்ஜ் திரும்பினார். என்ஜின் ஓடவில்லை. சாவி அவர் பையில்தான் இருந்தது.

களக்... களக்...

தொண்டையில் இறங்குகிற சத்தம்.

முள் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் டேங்கில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. காற்றழுத்தம் குறையாமல் தண்ணீர் குறைய முடியாது. அது உண்மையிலேயே அவருக்குத் தெரியும்.

குனிந்தார். அட்டை காய்ந்து கிடந்தது. என்ஜின் முழுக்க விளக்கை ஓட்டினார். எங்கும் பச்சை இல்லை.

"மாப்ள... உள்ள வந்து விளையாடுறியா? தோல உரிச்சிடுவேன்." குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது.



மேலே, கேபினுக்குள், சீட்டு ஸ்பிரிங் முனகியது. கிர்ர்ர்...

விளக்கைத் தூக்கினார்.

கிளீனர் பக்கக் கண்ணாடி. உட்புறம்.

ஐந்து விரல். பச்சையாக.

அதற்கு மேலே... இரண்டு உதடு.

ஈரம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி..." வயதான குரல். "இன்னும் கொஞ்சம்..."

ஷட்டரை உள்ளேயிருந்து அடித்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மாப்பிள்ளையும் தங்கச்சியும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். ஜட்ஜ் நான்கு காலில் வெளியே வந்தார். பேன்ட் நனைந்திருந்தது. கூலன்ட் கொட்டிவிட்டது என்றார். விளக்கு அடித்துப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

"அண்ணே, அவர் நாளைக்குப் போகலாமா?"

"வேணாம். வண்டிய எடுக்காதீங்க."

"ஏன்?"

ஜட்ஜின் வாய் திறந்தது, மூடியது. தீர்ப்பு வரவில்லை.

மாப்பிள்ளை அங்கேயே பழைய ஓனருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான். தண்ணீர் குறைகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கேட்டது: "பாட்டில எடுத்துட்டீங்களா?"

"ஆமா... என்ன விஷயம்?"



"அந்த வண்டி ஒரு தடவ கவுந்துச்சுப்பா. டிரைவர் கீறலோட வெளிய வந்துட்டான். கிளீனர் வயசானவர், சீட்டோட நசுங்கி மாட்டிக்கிட்டார். தண்ணி கேட்டார். டிரைவர் கையிலயே பாட்டில் இருந்துச்சு. குடுக்கல. 'தண்ணி வேணும்னா ரேடியேட்டர்ல இருக்கு, குடிச்சுக்க'ன்னுட்டான். பெரியவர் ஒழுகினதக் கையில ஏந்திக் குடிச்சிருக்கார். ஆளுங்க வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வாயெல்லாம் பச்சை."

மாப்பிள்ளை போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

"பாட்டில் இருந்தா அவர் என்ஜினத் தொடவே மாட்டார். இல்லாட்டியும் தானா தொட மாட்டார், மரியாதப்பட்ட மனுஷன். யாராவது வாயால சொன்னாத்தான் குடிப்பார்..." குரல் நின்றது. "அங்க யாராவது அப்படிச் சொன்னீங்களா?"

எல்லோரும் ஜட்ஜைப் பார்த்தார்கள். தங்கச்சியும் பார்த்தாள்.

ஜட்ஜ் கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியல," என்றார்.

ஆயுளில் முதல் தடவை அந்தச் சொல்லைச் சொன்னார். அதுவும் பொய்.

தங்கச்சி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதுப் பாட்டில் ஒன்றைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, அதே கம்பியில் கட்டினாள். "ஐயா, இனிமே இத மட்டும் குடிங்க," என்று காலி சீட்டிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை லாரி மலை ஏறி இறங்கித் திரும்பியது. டேங்கில் ஒரு சொட்டு குறையவில்லை.

பாட்டில் காலி. மூடி மட்டும், அவள் திருகியது திருகியபடியே இருந்தது.